அண்ணன் காதில் மாட்டிப் பார்த்த ஹெட்போன்

தஞ்சாவூரில் நாங்கள் குடியிருப்பது ஒரு மாவு மில்லின் மாடி. வீடு பார்க்க வந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மில் லீவு. காற்றோட்டம் இருந்தது, தண்ணீர்க் கஷ்டம் இல்லை, பஸ் ஏற நடக்கும் தூரம்தான். அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். மறுநாள் காலையில் கீழே மிளகாய் அரைக்க ஆரம்பித்ததும் மேலே என் மேஜையிலிருந்த தம்ளர் மெல்ல நகர்ந்தது. என் கணவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவருக்கென்ன, சாயங்காலம்தான் திரும்புவார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள்.

சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க யாரிடமாவது போனில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் சொல்வது எனக்குப் பாதிதான் விழும். நான் சொல்வதற்கு நடுவே கீழே கம்பு அரைபடும். "மேடம், ரோட்டுல நின்னு பேசுறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "லாரியிலயா போறீங்க?" என்றார். கடைசியில் என் மேலதிகாரியே, "ஒரு நல்ல ஹெட்போனா வாங்கிக்கங்க. வெளிச் சத்தத்தக் குறைக்கிற மாதிரி இப்ப நெறைய வந்திருக்கு" என்றார்.

அப்படித்தான் அந்த வேட்டை தொடங்கியது. ஹெட்போன் என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். காதுக்குள் செருகுவது, காதையே முழுசாக மூடுவது, காதின் மேல் சும்மா உட்கார்ந்துகொள்வது என்று மூன்று ஜாதி இருந்தது. செருகுவது எனக்கு ஆகாது. கல்லூரி லீவில் ஊருக்குப் போய்க் கடலில் விழுந்து விழுந்து குளித்ததில் காதில் சீழ் வந்து, அதன் பிறகு எதை உள்ளே விட்டாலும் வலிக்கும். முழுசாக மூடுவது தஞ்சாவூர் வெயிலுக்குத் தாங்காது. சித்திரை மாதத்தில் அதை மாட்டிக்கொண்டால் காதுக்குள்ளேயே குளிக்கலாம். மிச்சம் இருந்தது காதின் மேல் உட்காரும் ரகம். ஒயர் இல்லாமல், இரைச்சலைக் குறைப்பதாக, கனமும் இல்லாமல் வேண்டும். போனில் விமர்சனங்களைப் படித்துப் படித்துக் கண் எரிந்தது. எல்லாரும் பாட்டைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும், 'தோடு போட்டிருந்தால் திருகாணி பின்னால் குத்தும், ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்' என்று எழுதியிருந்தாள். முகம் தெரியாத அவளை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. என் காதில் கல்யாணத்துக்கு அம்மா போட்ட கல் தோடு. கடைக்கே போய் மாட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் பார்த்து அண்ணன் வந்தான். ஐப்பசி மழை. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் யாரும் போட் இறக்கவில்லை. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாட்டோடு பஸ் ஏறி வந்துவிட்டான். மாடிப்படியில் ஏறும்போதே, "பாப்பா, இந்தச் சத்தத்துல எப்படி இருக்கீங்க?" என்று கத்தினான். மில்லின் சத்தத்தையும் தாண்டி அவன் குரல் கேட்டது. கீழே மில்லில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் குரல். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அப்பா டீசல் எஞ்சின் பூட்டிய ஃபைபர் போட் வைத்திருந்தார். அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச வேண்டுமானாலும் நெஞ்சிலிருந்து கத்தினால்தான் உண்டு. கரைக்கு வந்த பிறகும் அப்பாவுக்கு அந்தக் குரல் இறங்காது. "உப்பு கொஞ்சம் போடு" என்பதைத் தெருமுனை வரை கேட்கும்படிதான் சொல்வார். அம்மா அதற்கு மேல் கத்துவாள். நான் கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிதில், அறையில் இருந்தவர்கள் நான் கோபக்காரி என்று நினைத்து ஒரு வாரம் பேசவே இல்லை.

ஆனால் அதே வீட்டில்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவும் கற்றுக்கொண்டோம். எங்கள் கரையில் ஒவ்வொரு போட்டின் எஞ்சினுக்கும் ஒரு குரல் உண்டு. ஒன்று தொண்டை கட்டியதுபோல ஓடும். ஒன்று இருமி இருமி வரும். விடிகிற நேரத்தில், போட் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடும். பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும் அம்மா கையை அப்படியே நிறுத்தித் தலையைத் தூக்குவாள். "வந்தாச்சு" என்பாள். அவ்வளவுதான், உலை ஏறிவிடும். எனக்கும் அண்ணனுக்கும் அதில் போட்டி. பாயில் படுத்துக்கொண்டே, இது யார் போட், அது யார் போட் என்று சொல்ல வேண்டும். அவன்தான் எப்போதும் ஜெயிப்பான். நான் அழுதுகொண்டு அம்மாவிடம் போவேன். பத்தாவது முடித்ததும் அவனும் அப்பாவோடு கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு பாயில் படுத்தபடி அந்தச் சத்தத்துக்காக நான் மட்டும் காத்திருந்தேன். போட்டி போட ஆள் இல்லை. யார் போட் என்பதில் அக்கறையும் போய்விட்டது. எங்கள் போட் வந்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டதும் இருவரும் கடைக்குப் போனோம். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் விற்கும் பெரிய கடை. உள்ளே வரிசையாக டிவிக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஹெட்போன் பகுதியில் ஒரு பெண் நின்றிருந்தாள். நான் தோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"நெறைய பேருக்கு இந்தப் பிரச்சன இருக்கு மேடம். இத மாட்டிப் பாருங்க, பஞ்சு கொஞ்சம் மெத்துனு இருக்கும்."

முதலாவது திருகாணியைக் காதோடு சேர்த்து அழுத்தியது. இரண்டாவது, தலையைக் குனிந்தால் நழுவியது. மூன்றாவதை மாட்டிக்கொண்டபோது அவள் என் காதருகே கையை நீட்டி ஒரு பட்டனை அமுக்கினாள். யாரோ கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனதுபோல இருந்தது. டிவிக்களின் கூச்சல் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. ஏசியின் உறுமல் போயிற்று. தெருவில் கத்திக்கொண்டிருந்த ஹாரன் ஒரு பூனை முனகுவதுபோலத் தேய்ந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. உடனே அண்ணனைப் பார்த்தேன். அவன் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நனைந்த குடையை உதறிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இதப் போட்டுப் பாரு. உன் எஞ்சின் சத்தம்கூடக் காணாமப் போயிடும்."

வேண்டாம் என்றான். நான் விடவில்லை. நானே அவன் காதில் மாட்டி பட்டனை அமுக்கினேன். அவன் முகம் மலரும் என்று காத்திருந்தேன். அவன் கண்ணைச் சுருக்கினான். திரும்பித் தனக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தான்.

"எங்கேந்து வருது இது?"

"எதுண்ணே?"

"சத்தம். கீய்னு."

கடைப்பெண் வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லியே சார்." வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதையும் மாட்டிப் பார்த்துவிட்டு, அவளுக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்ற தயக்கத்தோடு சொன்னான்: "இதுவும் அப்படித்தாங்க இருக்கு. சும்மா இருக்கும்போது கம்மியா இருக்கு. இத மாட்டுனா ஜாஸ்தியாவுது."

"சும்மா இருக்கும்போதும் இருக்கா?" என்று கேட்டேன்.

"அதான் பாப்பா. காதுல எப்பவும் கேக்குமே. சில்வண்டு மாதிரி."

"எப்பவுமா?"

"ஆமா. எல்லாருக்கும் கேக்கறதுதான?"

"எனக்குக் கேக்கலண்ணே."

அவன் கடைப்பெண்ணைப் பார்த்தான். அவளும் இல்லை என்று தலையசைத்தாள். அவன் ஹெட்போனைக் கழற்றி, உடைந்துவிடுமோ என்பதுபோல இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தான். "சரி வா, டீ குடிப்போம்" என்றான். நான் எதையும் வாங்கவில்லை.

டீக்கடையில் தகரக் கூரை மேல் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான். கடலுக்குப் போக ஆரம்பித்த முதல் வருஷத்திலேயே அது வந்துவிட்டதாம். படுத்தால் காதுக்குள் இரையும். அப்பாவிடம் கேட்டிருக்கிறான். "அது கடல்டா. கூடவே வீட்டுக்கு வரும்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவருக்கும் அப்படி இருந்திருக்க வேண்டும். அவரும் அதைக் கடல் என்றே நினைத்திருக்க வேண்டும். கடலுக்குப் போகிற எல்லாருக்கும் இருக்கும் என்று முதலில் நினைத்த அண்ணன், போகப் போக அது எல்லா மனிதருக்குமே கேட்பதுதான் என்று வைத்துக்கொண்டிருக்கிறான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் பேசுவார்கள்?

நான் அங்கிருந்தே அண்ணிக்குப் போன் செய்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மார்கழிக் குளிர்லயும் ஃபேன் ஓடுனாத்தான் தூக்கம் வரும்பாரு. புள்ளைங்க போர்வைக்குள்ள நடுங்கும். காத்துக்காகன்னு நெனச்சேன். சத்தத்துக்காகவா?" என்றாள். அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கடை முழுக்கக் கேட்கும்படி அவன் அவளைச் சமாதானப்படுத்தினான்.

அடுத்த நாள் அவனைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்று அடம்பிடித்தவனை அண்ணியின் அழுகைதான் நகர்த்தியது. அங்கே ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே உட்கார வைத்து, பெரிய கறுப்பு ஹெட்போன் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதுகிற பையனைப்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். முதலில் டக் டக்கென்று அமுக்கினான். பிறகு கட்டைவிரல் பட்டன்மேல் அப்படியே நின்றுவிட்டது. சோதனை செய்கிறவர் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அண்ணன் கவனமாக, ஆவலாக, எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தான். விரல் அசையவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் பெண்மணி. பொறுமையாகப் பேசினார். மெல்லிய, கீச்சென்ற ஒலிகள் அவனுக்குக் கேட்கவில்லை, இடது காதில் பாதிப்பு அதிகம் என்றார். "எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார்.

"இடது கைப்பக்கம்தான் டாக்டர். சுக்கானப் புடிச்சிக்கிட்டு உக்காந்தா, காதுக்கிட்டயே ஓடும்."

சின்ன வயதில், அவன் முதல்முதலாக வாங்கிய போனில் நாங்கள் பாட்டுக் கேட்பது எனக்கு நினைவு வந்தது. கரையில் ஏற்றி வைத்த போட்டின் நிழலில் உட்கார்ந்து, ஒயர் இயர்போனில் ஆளுக்கு ஒரு பக்கம். என்னை எப்போதும் வலப்பக்கம் உட்கார வைத்து, ஒன்றைத் தன் வலது காதிலும் மற்றதை என் இடது காதிலும் செருகுவான். ஒயர் எட்டுவதற்காக என்று நினைத்திருந்தேன்.

"போன காது திரும்பி வராதுங்க. இரைச்சலையும் மருந்து கொடுத்து நிறுத்த முடியாது. பழகிக்கலாம். ஆனா இருக்கிறதக் காப்பாத்தணும்" என்றார் டாக்டர்.

"கடலுக்குப் போலாமா?" அண்ணன் கேட்டது அது ஒன்றைத்தான்.

"தாராளமாப் போங்க. எஞ்சின் ஓடுற வரைக்கும் காத மூடிக்கணும். ராத்திரி படுக்கும்போது ரொம்ப அமைதியா இருந்தா இரைச்சல் பெருசாத் தெரியும். பக்கத்துல லேசா ஏதாவது சத்தம் ஓட விடுங்க. மழைச் சத்தம், தண்ணிச் சத்தம், எது புடிக்குதோ அது."

வரும் வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நுழைந்தோம். டைல்ஸ் வெட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் காது மூடி, மஞ்சள் நிறத்தில், ஹெட்போன் மாதிரியே இருந்தது. அண்ணன் அதை மாட்டிக்கொண்டு கடைக்கண்ணாடியில் பார்த்தான். "பாட்டு வராதா?" என்று கடைக்காரரிடம் கேட்டான். அவர் உண்மையாகவே "வராதுங்க" என்றார். அந்த இரண்டு நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். இறுக்கம் சரியாக இருக்கிறதா, தலையை ஆட்டினால் விழுகிறதா என்று நான் எனக்குப் பார்த்ததைவிட அதிகமாகப் பார்த்து வாங்கினேன்.

இரவுக்கு என்ன சத்தம் என்பதுதான் பேச்சாக இருந்தது. என் போனில் ஒரு செயலியை இறக்கிக் காட்டினேன். மழை, காற்று, காட்டுப் பறவை, கடல் அலை எல்லாம் இருந்தன. அலையைப் போட்டதும் கையை ஆட்டினான்.

"நாள் பூரா அங்கதான கெடக்கேன். அது வேணாம்."

மழையைப் போட்டால், "போட் எறக்க முடியாதுன்னு கவலை வந்துரும்" என்றான்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் அவனை நடக்க அழைத்துப் போனேன். எங்கள் தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில் புது ஆறு. கல்லணையில் காவிரியிலிருந்து பிரிந்து ஊருக்கு நடுவே போகும் கால்வாய்தான், ஆனால் தஞ்சாவூரில் எல்லாரும் ஆறு என்றே சொல்வார்கள். கரை நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் ஷட்டர் வழியாகக் கிளை வாய்க்காலுக்குள் தண்ணீர் விழுகிறது. சம்பா வயலுக்குப் போகிற தண்ணீர். அண்ணன் அங்கே நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, வலது காதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினான்.

"இது நல்லாருக்கு பாப்பா. இது மேல வந்து விழுது, அந்தக் கீய்ச்சத்தம் அடியில போயிருது."

நான் போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். படித்துறையில் ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். கல்லில் அடிக்கும் சத்தம் நடுநடுவே விழுந்தது.

"அக்கா, கொஞ்ச நேரம் தொவைக்காம இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் துணியைத் தூக்கிய கையோடு நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?"

போனைத் தூக்கிக் காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, துணியைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். படம் எடுக்கிறேன் என்று நினைத்திருப்பார். அப்படியே நாங்கள் மூவரும் தண்ணீர் விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அண்ணன் ஊருக்குப் போன பிறகு நான் மறுபடி அந்தக் கடைக்குப் போய் மூன்றாவதாக மாட்டிப் பார்த்த ஹெட்போனையே வாங்கினேன். கடைப்பெண் முதலில் அண்ணனைத்தான் விசாரித்தாள். மணிக்கணக்கில் மாட்டியிருந்தால் அதுவும் குத்தத்தான் செய்தது. வேலை நாட்களில் கல் தோட்டைக் கழற்றிவிட்டு, ஒரு பொட்டுத் தோடு போட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வீடியோ காலில் பார்த்தால், "காது மூளியாத் தெரியுதுடி" என்று கத்துவாள். மில் என் காதைவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பதிலாக நான் பேசுவது எனக்கே சரியாகக் கேட்காததால் இன்னும் சத்தமாகப் பேசுகிறேன் போலிருக்கிறது. ஒருநாள் மில்காரர் மேலே வந்து, "என்னங்க, ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் மஞ்சள் மூடியை முதலில் பைக்குள்ளேயே வைத்திருந்தான். கூட வருகிறவர்கள் கேலி செய்வார்கள் என்ற கூச்சம் ஒன்று. எஞ்சின் சத்தம் மாறினால் தெரியாமல் போய்விடுமே என்ற பயம் இன்னொன்று. அந்தப் பயம் நியாயமானதுதான், நடுக்கடலில் எஞ்சின் நின்றால் விளையாட்டில்லை. அண்ணி விடவில்லை. மாட்டாமல் வந்தால் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டாள். கொந்தளிப்பு அடங்கிக் கடல் திறந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அவனே போன் செய்தான்.

"காலுல தெரியுது பாப்பா. பலகையில கால வச்சிருக்கேன்ல, எஞ்சின் கொஞ்சம் மாறுனாலும் உள்ளங்காலுல வந்துருது. இப்ப பயமில்ல." பிறகு, "பக்கத்துப் போட்டுக்காரரு இத எங்க வாங்குனன்னு கேட்டாரு" என்றான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அங்கே நான் ஹெட்போனைப் பையைவிட்டு எடுக்கவில்லை. அம்மா, அப்பா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதமாக இருந்தது. சாப்பிட உட்காரும்போது நான் தானாகவே அண்ணனுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். விடியற்காலையில் விழிப்பு வந்தபோது கடலில் போட்டுகள் வரும் சத்தம் கேட்டது. இது யாருடையது என்று பழைய பழக்கத்தில் யோசித்துப் பார்த்தேன். எஞ்சின்கள் எல்லாம் மாறிவிட்டிருந்தன. ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. அடுப்படியில் அம்மா மட்டும் கையை நிறுத்தித் தலையைத் தூக்கினாள்.

ஃபேனை இப்போது போடுவதில்லை என்று அண்ணி சொன்னாள். அதற்குப் பதில் தலைமாட்டில் போனை வைத்து, தஞ்சாவூர் வாய்க்காலை ஓட விடுகிறார்கள். ஒரு காலத்தில் எங்கள் ஊரில் காவிரித் தண்ணீர் என்றால் யாராவது குடத்தில் கொண்டு வந்தால்தான். இப்போது அது வீட்டுக்குள்ளேயே விழுந்துகொண்டிருக்கிறது. அந்தப் பதிவின் ஆரம்பத்தில், துணி துவைத்த அம்மாவும் நானும் பேசுகிற பேச்சை வெட்டி எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். அண்ணனின் சின்ன மகள் விடவில்லை. படுக்கப் போகும்போது பிள்ளைகள் இருவரும் அதற்காகக் காத்திருப்பார்களாம். அந்த அம்மா என்னைத் திருப்பிக் கேட்கிற இடம் வந்ததும், போர்வைக்குள்ளிருந்து இரண்டு பேரும் சேர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி, "எதுக்கு?" என்று கத்துவார்களாம். அதற்குப் பிறகுதான் தூக்கம். அண்ணனுக்குப் பிள்ளைகளின் அந்தக் குரல் நன்றாகவே கேட்கிறதாம்.